நேராக மாட்டியதும் நின்றுபோன கடிகாரம்

அப்பாவின் பெண்டுலம் கடிகாரத்தைப் புது வீட்டுச் சுவரில் மாட்டிய அன்று, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி மாட்ட வேண்டும் என்று ரசமட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. சாவி கொடுத்து, பெண்டுலத்தை விரலால் லேசாகத் தள்ளிவிட்டேன். பத்து நிமிடம் ஓடி நின்றது. மறுபடி தள்ளினேன். இந்த முறை ஏழு நிமிடம்.

பழைய வீட்டில் முப்பது வருடத்துக்கும் மேல் ஓடிய கடிகாரம் அது. வாரம் ஒருமுறை அப்பா முக்காலி போட்டு ஏறிச் சாவி கொடுப்பார். அவ்வளவுதான் அது கேட்ட பராமரிப்பு. என் கைக்கு வந்த முதல் நாளே நின்றுவிட்டது என்றால் பிழை என்னுடையதுதான் என்று தோன்றியது. அதனால் அடுத்த இரண்டு வாரம் நானே சரிசெய்யப் பார்த்தேன். செய்யக் கூடாததை எல்லாம் அந்த இரண்டு வாரத்தில் செய்தேன்.

முதல் வேலையாக, தையல் மிஷின் எண்ணெயை எடுத்துக் கண்ணில் பட்ட பல்சக்கரங்களில் எல்லாம் தாராளமாக விட்டேன். அன்று முழுக்க ஓடியது. ஆகா, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நின்றிருந்தது. அப்புறம் முகப்பைக் கழற்றி, இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே சக்கரங்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டே, தகடுகளைச் சேர்த்துப் பிடித்திருந்த நட்டுகளில் ஒன்றைத் தளர்த்த ஆரம்பித்தேன். அரைச் சுற்றுதான் திருப்பியிருப்பேன். உள்ளே எதுவோ "டக்" என்று இழுபட்டது. பயந்துபோய்த் திரும்ப இறுக்கிவிட்டேன். எத்தனை பெரிய ஆபத்திலிருந்து தப்பினேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். நாற்பது வருடம் கடிகாரம் பழுது பார்த்தவர், கை நடுக்கம் வந்ததால் தொழிலை விட்டவர். கடைசியில் அவரிடம்தான் போய் நின்றேன். வந்தவர் கடிகாரத்தைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தள்ளி விடும்மா. யாரும் பேசாதீங்க."

கண்ணை மூடிக் கேட்டார். அரை நிமிடம் கழித்து, "நொண்டுது பாரும்மா" என்றார்.

அப்போதுதான் எனக்கும் கேட்டது. இரண்டு வாரமாக அதே சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தும் நான் கவனிக்கவில்லை. டிக்-டாக், டிக்-டாக் என்று சம இடைவெளியில் வர வேண்டியது, டிக்டாக்... டிக்டாக்... என்று ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறுகியும் வந்தது. ஒரு காலை இழுத்து நடப்பவர் மாதிரி.

அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று புரிந்தால் பாதிக் கடிகாரம் புரிந்த மாதிரி. சாவி கொடுக்கும்போது உள்ளே மெயின் ஸ்பிரிங் சுருள்கிறது. அது விரியப் பார்க்கும் விசை, பல்சக்கரம் பல்சக்கரமாக ஏறிக் கடைசியில் எஸ்கேப் வீல் என்ற சக்கரத்துக்கு வருகிறது. தடுக்க ஆள் இல்லாவிட்டால் அந்தச் சக்கரம் சர்ரென்று சுழன்று, ஒரு வாரத்து விசையையும் கொஞ்ச நேரத்தில் தீர்த்துவிடும். தடுப்பது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் நங்கூர வடிவத் துண்டு. நங்கூரத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பி கீழே இறங்கும். அதன் நுனியில் உள்ள கவை பெண்டுலத்தின் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். பெண்டுலம் இடப்பக்கம் போனால் நங்கூரத்தின் ஒரு கை விலகி ஒரு பல்லை விடும். உடனே மறுகை இன்னொரு பல்லைப் பிடிக்கும். பிடிக்கும் அந்த அடிதான் "டிக்". வலப்பக்கம் போகும்போது "டாக்". விடுபட்டு நழுவும் பல், போகிற போக்கில் நங்கூரத்தைத் துளி தள்ளிவிட்டுப் போகிறது. அந்தத் தள்ளல்தான் பெண்டுலத்துக்குச் சோறு. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரலால் தொட்டு விடுவது போல. கடிகாரத்தில் நேரத்தை வைத்திருப்பது பெண்டுலம். சக்கரங்கள் அந்த ஆட்டங்களை எண்ணுகின்றன, ஆட்டம் ஓயாமலும் பார்த்துக்கொள்கின்றன.

இப்போது கடிகாரம் நொண்டினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் பெண்டுலம் கொஞ்சம் போனாலே பல் விடுபடும். மறுபக்கம் ரொம்ப தூரம் போனால்தான் விடுபடும். ஆட்டம் சற்றே குறைந்ததும் அந்தத் தூரப் பக்கத்தில் பல் விடுபடாது. அன்றோடு கடிகாரம் நின்றுபோகும். ஸ்பிரிங்கில் விசை முழுதாக இருந்தாலும் சரி, எத்தனை எண்ணெய் விட்டாலும் சரி.

பெரியவர் எழுந்து, கடிகாரப் பெட்டியின் அடிப்பகுதியை உள்ளங்கையால் இடப்பக்கம் நகர்த்தினார். மயிரிழை, மயிரிழையாக. நகர்த்துவார், கேட்பார், மறுபடி நகர்த்துவார். ஓரிடத்தில் சத்தம் சீராக வந்தது. அங்கேயே விட்டுவிட்டார். தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரிகிற அளவு கோணலாகத் தொங்கியது. பழைய வீட்டுப் புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கோணல்! அப்பா அதைக் கோணலாகத்தான் மாட்டியிருக்கிறார். அது சுவரின் குறை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"நேரா நிக்கணுமா, ஓடணுமா? ரெண்டும் வேணும்னா கவையை வளைக்கலாம்" என்றார். அந்த வித்தையையும் சொல்லிக் கொடுத்தார். பெட்டியின் எந்தப் பக்கத்தை உயர்த்தினால் சத்தம் சீராகிறதோ, அந்தப் பக்கமாகக் கவைக் கம்பியை மிக லேசாக வளைக்க வேண்டும். அப்புறம் பெட்டியை நேராக்கிக் கேட்க வேண்டும். காதை நம்ப முடியாவிட்டால் கண்ணாலும் பார்க்கலாம். பெண்டுலத்தைக் கையால் மெல்ல ஒரு பக்கம் கொண்டுபோய், "டிக்" கேட்கும் இடத்தைப் பின்னால் ஒட்டிய ஒரு துண்டுத் தாளில் குறிக்க வேண்டும். மறுபக்கமும் அதே மாதிரி. பெண்டுலம் சும்மா தொங்கும் இடத்திலிருந்து இரண்டு குறிகளும் சம தூரத்தில் இருந்தால் போதும். நான் வளைக்கவில்லை. அப்பா வைத்த கோணலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. பெண்டுலத்தின் குண்டு முன்னும் பின்னும் லேசாகத் திருகியபடி ஆடுவதைப் பெரியவர் கவனித்தார். பெண்டுலம் தொங்குவது பிளேடு மாதிரி மெல்லிய ஒரு சிறு ஸ்பிரிங் தகட்டில். அது மடங்கியிருந்தது. "பெண்டுலத்தைக் கழட்டாமலா வண்டியில ஏத்துன?" என்று கேட்டார். ஆமாம். கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாது. வீடு மாற்றும்போது முதலில் பெண்டுலத்தைக் கொக்கியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். இரண்டு நொடி வேலை. மடங்கிய தகட்டை நிமிர்த்தினால் போதாது, புதிதுதான் போட வேண்டும். நீளமும் தடிமனும் பழையது போலவே இருக்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பல்சக்கரத்தின் பற்களுக்கு எண்ணெயே கூடாதாம். எண்ணெய் தூசியைப் பிடிக்கும். தூசியும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மென்மையான பித்தளைச் சக்கரத்தில் தூசித் துகள் பதிந்துகொள்ளும். தேய்வது அதோடு உரசும் கடினமான எஃகுப் பல்தான். எண்ணெய் வேண்டியது அச்சு முனைகள் தகட்டுத் துளையில் சுழலும் இடங்களில், அதுவும் ஊசி முனையில் தொட்டு வைக்கும் ஒரு துளி. நங்கூரத்தின் முனைகளுக்கும் அவ்வளவே. எண்ணெயும் கடிகாரத்துக்கென்று விற்பது. மற்ற எண்ணெய்கள் பரவி ஓடிவிடும், அல்லது பிசினாகிவிடும். பழைய எண்ணெய் கறுத்துப் பிசினாகியிருந்தால் அதன் மேல் புது எண்ணெய் விடுவது தற்காலிகமாக ஓடவைக்கும். எனக்கு ஒரு நாள் ஓடியதே, அது இதனால்தான். முழுதாகப் பிரித்துக் கழுவினால்தான் தீரும்.

நான் தளர்த்திய நட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் பேசாமல் தன் இடக்கையைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரல் அடியில் நீளமாக ஒரு தழும்பு. முழுக்கச் சாவி கொடுத்த மெயின் ஸ்பிரிங்கைத் தகடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு நட்டைக் கழற்றினால், அது ஒரே அடியில் விரியும். பற்கள் பறக்கும், அச்சுகள் வளையும், விரல் போனாலும் போகும். பிரிப்பதற்கு முன் சாவியை இறுகப் பிடித்து, பின்னோக்கிப் போகவிடாமல் தடுக்கும் சிறு கொக்கியை விலக்கி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்க வேண்டும். மணியடிக்கும் பக்கத்துக்குத் தனி ஸ்பிரிங் இருக்கும். அதையும் மறக்கக் கூடாது. இது படித்துச் செய்யும் வேலை கிடையாது, ஒருவர் பக்கத்தில் நின்று காட்டிக் கற்க வேண்டியது. எனக்கு அவர் பக்கத்தில் இருந்தார். நடுங்கும் கையால் செய்ய முடியாததை வாயால் சொன்னார். நான் செய்தேன். கழுவி, உலர்த்தி, பூட்டி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

சாவி கொடுப்பதிலும் எனக்கு ஒரு பயம் இருந்தது. "ரொம்பச் சாவி கொடுத்தால் இறுகிப்போய் நின்றுவிடும்" என்று கேள்விப்பட்டிருந்ததால் பாதியிலேயே விடுவேன். அது தவறான பயம். ஸ்பிரிங் முழுதாகச் சுருண்டதும் சாவி தானாகவே நின்றுவிடும். அதற்கு மேல் முரட்டுத்தனமாக முறுக்காமல் இருந்தால் சரி. முழுக்கச் சாவி கொடுத்தும் ஓடாத கடிகாரத்துக்கு நோய் வேறு: அழுக்கு, தேய்மானம், அல்லது என்னுடையது போல நொண்டல். கொடுக்கும்போது ஒவ்வொரு முறுக்குக்குப் பிறகும் சாவியைச் சட்டென்று விடாமல், கொக்கி பிடிக்கும்வரை மெல்லத் தளர்த்துங்கள். அந்தக் கொக்கி உடைவதற்கு முக்கியக் காரணம் சாவியைச் சுண்டி விடுவதுதான்.

ஓட ஆரம்பித்த பிறகு அடுத்த ஆசை, சரியான நேரம் காட்ட வேண்டும். இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஊசலின் ஆட்ட நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது என்பதும், சிறிய வீச்சாக இருக்கும்வரை குறைவாக ஆடினாலும் கூடுதலாக ஆடினாலும் ஏறக்குறைய அதே நேரம்தான் எடுக்கும் என்பதும் கலிலியோ காலத்திலேயே தெரியும். அதைக் கடிகாரத்தோடு இணைத்து ஓட வைத்தவர் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1656இல். அதற்கு முன் நல்ல கடிகாரங்களே நாளுக்குக் கால் மணி நேரம்போலத் தவறும். பெண்டுலம் வந்ததும் பிழை வினாடிகளுக்கு இறங்கியது. ஒரு பக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் பெண்டுலத்தின் நீளம் ஏறக்குறைய 99.4 செ.மீ. உயரமான நிலைக் கடிகாரங்களில் இருப்பது அதுதான். என் கடிகாரத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் எண்ணினேன். 120. அதாவது அரை வினாடிக்கு ஒரு ஆட்டம். அப்படியானால் நீளம் கால்பங்கு, 25 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. கணக்கு கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

குண்டுக்குக் கீழே ஒரு சிறு நட்டு இருக்கும். அதை மேலே ஏற்றினால் குண்டு ஏறும், பெண்டுலம் குட்டையாகும், கடிகாரம் வேகமாகப் போகும். இறக்கினால் மெதுவாகப் போகும். எவ்வளவு? 25 செ.மீ. பெண்டுலத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினால் நாளுக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் மாறும். இது தெரியாமல் முதல் நாள் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுநாள் ஆறு நிமிடம் முந்தியதைப் பார்த்து, பின்னோக்கி ஐந்து சுற்றுச் சுற்றி... அப்படியே ஒரு வாரம் போனது.

பெரியவர் சொன்ன வழி: ஒரு நோட்டுப் புத்தகம் போடு. தொடாமல் இரண்டு நாள் விடு. எத்தனை வினாடி முந்தியது, பிந்தியது என்று எழுது. பிறகு ஒரே ஒரு சுற்று திருப்பு. மறுபடி இரண்டு நாள் விடு. என் நட்டுக்கு ஒரு சுற்று என்பது நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஊகம் தேவைப்படவில்லை. நாளுக்கு 20 வினாடி பிந்தினால் கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நட்டைத் தொடும்போது பெண்டுலத்தை நிறுத்தி, தண்டை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேலே உள்ள மெல்லிய தகடு முறுகிவிடும்.

ஒப்பிட கைப்பேசி நேரம் போதும். அது நெட்வொர்க் வழியாக அணுக் கடிகாரங்களோடு சேர்ந்து ஓடுகிறது. 1967 முதல் ஒரு வினாடி என்பதன் வரையறையே சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள்தான். அந்த வினாடியை வைத்து நான் பித்தளைக் குண்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்று கவனியுங்கள். சாவி கொடுத்த முதல் நாளில் ஸ்பிரிங்கின் விசை அதிகம், ஏழாம் நாளில் குறைவு. வேகமும் அதற்கேற்பக் கொஞ்சம் மாறும். ஆகவே ஒரு சாவியிலிருந்து அடுத்த சாவிவரை மொத்தம் எவ்வளவு தவறியது என்று பாருங்கள். சாவியையும் எப்போதும் ஒரே கிழமையில் கொடுங்கள். வெயிலும் குளிரும்கூட ஆட்டிப் பார்க்கும். எஃகுத் தண்டு என்றால் ஒரு டிகிரி சூடு ஏறினால் நாளுக்கு அரை வினாடிபோல மெதுவாகும். இதைச் சமாளிக்கப் பாதரசக் குண்டு, இரும்பும் பித்தளையும் மாற்றி அடுக்கிய தண்டு என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். 1896இல் சார்லஸ் எட்வார்ட் கியோம் என்பவர் சூட்டுக்கு அநேகமாக நீளாத இன்வார் என்ற நிக்கல் எஃகைக் கண்டுபிடித்தார். நிக்கல் எஃகு ஆராய்ச்சிக்காக அவருக்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்தது. என் கடிகாரத்தில் மரத்தண்டு. மரமும் எஃகைவிடக் குறைவாகவே நீளும் என்பதால் நான் அதிகம் கவலைப்படவில்லை.

லண்டன் பிக் பென் கடிகாரத்தில் பெண்டுலத்தின் மேல் பழைய பென்னி நாணயங்களை வைத்து நேரத்தைத் திருத்துவார்கள். ஒரு நாணயம் வைத்தால் நாளுக்கு 0.4 வினாடி வேகமாகும். டன் கணக்கில் எடையுள்ள இயந்திரத்தை ஒரு நாணயம் திருத்துகிறது!

சுவரும் கடிகாரத்தின் ஒரு பகுதிதான். ஆணி ஆடினால் பெட்டியும் சேர்ந்து ஆடும், பெண்டுலத்தின் விசையைச் சுவர் தின்றுவிடும். 1665இல் ஹைகன்ஸ் ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு கடிகாரங்கள் கொஞ்ச நேரத்தில் எதிரெதிராக, ஒன்றுபோல் ஆடத் தொடங்குவதைக் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத அசைவு சட்டத்தின் வழியே போய் வந்திருக்கிறது. என் வீட்டில் ஆணியை எடுத்துவிட்டுச் சுவரில் பிளக் அடித்துத் திருகாணி போட்ட பிறகு, பெண்டுலத்தின் வீச்சு கண்ணால் பார்த்தே தெரியும்படி கூடியது.

மணியடிப்பதில் வந்த குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஏழு மணிக்கு நான்கு அடித்தது. பழைய வகைக் கடிகாரங்களில் எத்தனை அடிக்க வேண்டும் என்பதை ஒரு தனிச் சக்கரம் எண்ணுகிறது. அதன் விளிம்பில் வெட்டுகள் சமமாக இருக்காது. இடைவெளி கூடிக்கொண்டே போகும், ஒன்றுக்குக் குட்டி, பன்னிரண்டுக்கு நீளம். முள் எங்கே இருக்கிறது என்று அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது, அடுத்த எண்ணை அடித்துக்கொண்டு போகும். மணியடித்து முடியும்வரை காத்திராமல் நிமிட முள்ளை வேகமாகச் சுற்றியதால் கணக்குத் தப்பியிருக்கிறது. திருத்துவது எளிது. மணி முள் உராய்வுப் பிடிப்பில்தான் இருக்கும். கடிகாரம் கடைசியாக எத்தனை அடித்ததோ அந்த எண்ணுக்கு மணி முள்ளை மட்டும் கையால் நகர்த்தி, பிறகு நிமிட முள்ளை முன்னோக்கிச் சுற்றி, ஒவ்வொரு மணிக்கும் அரைமணிக்கும் நின்று அடிக்கவிட்டு, சரியான நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிமிட முள்ளைப் பின்னோக்கிச் சுற்றாதீர்கள்.

இதையெல்லாம் கற்ற பிறகு வீட்டில் இருந்த பேட்டரிக் கடிகாரத்தையும் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். அதற்குள்ளும் ஒரு ஊசல் இருக்கிறது. இசைக்கவை வடிவில் வெட்டிய மிகச் சிறிய குவார்ட்ஸ் படிகம், வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண்? ஒன்றை இரண்டால் பதினைந்து முறை பெருக்கினால் வருவது. சிப் அதைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடுகிறது. அந்தத் துடிப்பு ஒரு காந்தச் சக்கரத்தை அரைச்சுற்றுத் தள்ளும், வினாடி முள் ஒரு கோடு நகரும். இந்தக் கடிகாரம் நின்றால் படிகத்தைச் சந்தேகிக்க வேண்டாம். வினாடி முள்ளைப் பாருங்கள். பேட்டரி தளர்ந்தால் முள் பெரும்பாலும் ஒன்பதாம் எண்ணுக்குப் பக்கத்தில் நின்று துடித்துக்கொண்டிருக்கும். படுக்கைவாட்டில் இருக்கும் முள்ளை மேலே தூக்குவதுதான் அதற்கு மிகக் கடினமான இடம். புது பேட்டரி போட்டும் துடித்தால், முட்கள் ஒன்றோடொன்றோ கண்ணாடியோடோ உரசுகின்றனவா என்று பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பேட்டரி தீர்ந்ததும் எடுத்துவிடுங்கள். கசிந்தால் தொடுமுனைகளை அரித்துவிடும்.

போன வருடம் வீட்டுக்கு வண்ணம் அடித்தார்கள். பெண்டுலத்தை நானே கழற்றித் துணியில் சுற்றி வைத்தேன். கடிகாரத்தின் அடி ஓரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன், அது வண்ணத்தில் மறைந்துவிடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. வேலைக்கு வந்தவர் கடிகாரத்தை அக்கறையோடு நேராக மாட்டிவிட்டுப் போயிருந்தார். நான் பெண்டுலத்தை மாட்டித் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள். "அம்மா, தாத்தா கடிகாரம் நொண்டுது" என்றாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அடிப்பகுதியில் கை வைத்து இடப்பக்கம் நகர்த்தினாள். நின்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.